கேதம் சொல்றதுக்கு ஒரு முறை இருக்கு

போன வருஷம் புரட்டாசியில், காட்டில் விதைப்பு நடந்துகொண்டிருந்த நேரத்தில், எங்கள் பெரியப்பா காலமானார். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் பூமி. ஒரே மகள், என் அக்கா, பெங்களூரில் இருக்கிறாள். "அப்பாவுக்கு ரொம்ப முடியலக்கா, ஆஸ்பத்திரியில வச்சிருக்கு, உடனே கிளம்பி வா" என்று மட்டும் போனில் சொன்னேன். உயிர் பிரிந்து அப்போதே அரை மணி நேரம் ஆகியிருந்தது. அத்தான் வேலை விஷயமாக வெளியூரில். அவள் தனியாகத்தான் ராத்திரி பஸ் ஏற வேண்டும்.

நான் சொன்னது பொய்தான். ஆனால் அது எங்கள் ஊரில் வழிவழியாகச் சொல்லிவரும் பொய். கேதம் சொல்ல, அதாவது சாவுச் செய்தி சொல்ல, ஆள் விடும்போது எந்த வீட்டுக்கு யாரை அனுப்புவது என்று பெரியவர்கள் யோசித்துத்தான் அனுப்புவார்கள். கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குப் போகிறவர் மருமகனைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொல்வார். மகளிடம், "அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கும்மா, வா போயிட்டு வருவோம்." தெருமுனையில் பந்தலைப் பார்த்து அவளாகவே புரிந்துகொள்ளும்போது, விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்ள நாலு பொம்பளையாட்கள் பக்கத்தில் இருப்பார்கள்.

பஸ் கிருஷ்ணகிரி டோல்கேட்டைத் தாண்டும்போது அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட். கீழே ஒரே வரி: "தம்பி, அப்பா போயிட்டாரா?"

பொங்கலுக்கு எடுத்த குடும்பப் போட்டோவில் பெரியப்பா முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, கறுப்புக் கரை போட்டு, 'கண்ணீர் அஞ்சலி' என்று யாரோ முகநூலில் போட்டிருந்தார்கள். அக்காவை டேக் செய்து. அதற்குள் அறுபதுக்கு மேல் கமெண்ட், பாதிக்குமேல் வெறும் ஆர்ஐபி. பக்கத்து சீட்டில் முன்பின் தெரியாத ஆள், விளக்கணைத்த பஸ், விடியும்வரை பயணம். அந்த ராத்திரி அவள் எப்படி வந்து சேர்ந்தாள் என்பதை இன்றுவரை நான் அவளிடம் கேட்கவில்லை.

பதிவைப் போட்டவர் கெட்ட மனுஷர் இல்லை. எங்களுக்குச் சொந்தம், மறுநாள் பாடைக்குத் தோள் கொடுத்தவர். பெரியப்பா மேல் அவருக்கு உயிர். நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான் போட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன். நல்ல மனசு உள்ளவர்களே செய்கிற தப்பு இது. பிள்ளைகளோ வீட்டு ஆட்களோ பதிவு போடும்வரை பொறுத்திருங்கள். தகவல் போய்ச் சேர வேண்டும் என்றால் போனில் சொல்லுங்கள். எப்படியும் போட்டே ஆக வேண்டும் என்றால் தயவுசெய்து டேக் மட்டும் செய்யாதீர்கள். நம்மை டேக் செய்கிற பதிவை நாம் பார்த்து அனுமதித்த பிறகே காட்டும்படி செட்டிங்கில் வைத்திருந்தால் அது உடனே நம் பக்கத்தில் வராது, அவ்வளவுதான். நோட்டிஃபிகேஷன் வரத்தான் செய்யும். ஐசியூவில் மூக்கில் குழாயோடு கிடக்கிறவரைப் படமெடுத்து, 'பிரார்த்தனை செய்யுங்கள்' என்று போடுவதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். கையெடுத்துக் கும்பிடுகிறேன், அது வேண்டாம்.

2016 பிப்ரவரிக்கு முன்னால் முகநூலில் லைக் மட்டும்தான் இருந்தது. சாவுச் செய்திக்கு லைக் போடுவதா என்று அன்றைக்கு நாம் எல்லோருமே கூசினோம். அழுகிற முகம் வந்தபிறகு அந்தக் கூச்சம் போய்விட்டது. அதை அழுத்திவிட்டால் துக்கம் விசாரித்த மாதிரி நமக்கே ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. வரமுடியாத தூரத்தில் இருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. உண்மையில் அக்காவைத் தேற்றியது ஒரு தூரத்து ஆள்தான்.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து, வீட்டில் கூட்டம் கலைந்தபிறகு, அக்காவின் இன்பாக்ஸில் ஒரு செய்தி வந்தது. தருமபுரிப் பக்கம் விவசாயம் பார்க்கும் ஒரு இளைஞர். பெரியப்பாவை அவர் நேரில் பார்த்ததே இல்லை. உளுந்துச் செடியில் மஞ்சள் தேமல் விழுந்ததாக ஒருமுறை அவர் படம் போட்டாராம். பெரியப்பா நம்பர் வாங்கிக் கூப்பிட்டு, இருபது நிமிஷம் பேசியிருக்கிறார். "தேமல் விழுந்த செடியை உடனே பிடுங்கிருங்க தம்பி, வெள்ளை ஈதான் அதை மத்த செடிக்குக் கொண்டுபோகுது." அதற்கப்புறம் ஒவ்வொரு விதைப்புக்கும் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இது எங்கள் யாருக்கும் தெரியாது. அக்கா அதைப் பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டினாள்.

இன்னொரு விஷயம். இறந்தவரின் கணக்கை அப்படியே விட்டால் பிறந்தநாளன்று முகநூல் எல்லோருக்கும் நினைவூட்டும். விவரம் தெரியாமல், 'நூறாண்டு வாழ்க' என்று எழுதுவார்கள். அதைப் படிக்கும் மகளை நினைத்துப் பாருங்கள். இறப்புக்கான ஆதாரத்தோடு குடும்பத்தார் விண்ணப்பித்தால் அதை நினைவுக் கணக்காக மாற்றிவிடுவார்கள், பிறந்தநாள் நினைவூட்டல் நின்றுவிடும். நமக்குப் பிறகு கணக்கைப் பார்த்துக்கொள்ள ஒருவரை இப்போதே நியமித்து வைக்கும் வசதியும் 2015 முதல் இருக்கிறது. அவரால் நம் இன்பாக்ஸைப் படிக்க முடியாது, பயப்பட வேண்டாம். பெரியப்பா கணக்கை நானும் அக்காவும் உட்கார்ந்து மாற்றினோம்.

அந்தத் தருமபுரித் தம்பி தை மாதம் உளுந்து அறுப்பு சமயத்தில் வீட்டுக்கு வந்தார். பெரியம்மா அவரைக் காட்டுக்குக் கூட்டிப்போய், பெரியப்பா கடைசியாக விதைத்த துண்டைக் காட்டினாள்.