சித்தப்பாவின் மரு

சித்தப்பா: கயல், இந்தச் சீட்டைக் கொஞ்சம் படி. விரலில் மரு வந்திருக்கிறதே என்று காட்டப் போனால், டாக்டர் 'வெர்ருக்கா வல்காரிஸ்' என்று எழுதியிருக்கிறார். நான் என்ன அவரிடம் வல்கராகவா பேசினேன்?

கயல்: ஐயோ சித்தப்பா, அது லத்தீன். வெர்ருக்கா என்றால் மரு. வல்காரிஸ் என்றால் சாதாரணமானது, எங்கும் இருப்பது.

சித்தப்பா: 'மரு வந்திருக்கிறது, சாதாரணம்தானே டாக்டர்' என்றுதான் நானே கேட்டேன். அதையே லத்தீனில் திருப்பிச் சொல்லவா ஃபீஸ் வாங்கினார்?

கயல்: முக்கால்வாசிப் பேர்கள் இப்படித்தான். வயிற்றின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு உண்டு. அதன் பேர் லீனியா ஆல்பா. அர்த்தம், வெள்ளைக் கோடு. நாம் உட்காரும் இடத்தில் இருக்கும் பெரிய தசை, குளூட்டியஸ் மாக்சிமஸ்.

சித்தப்பா: மாக்சிமஸா! ரோமாபுரித் தளபதி பேர் மாதிரி இருக்கிறதே. தெரியாமல் இத்தனை காலமும் அவர் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கயல்: இப்போது மூக்கை விடைத்து மேலுதட்டைத் தூக்கினீர்களே, அதைச் செய்த தசை லெவேட்டர் லேபியை சுப்பீரியாரிஸ் அலேக்வே நேசை.

சித்தப்பா: பெரியவனை இப்படியா திட்டுவது?

கயல்: 'மேலுதட்டையும் மூக்கு மடலையும் தூக்குவது'. அவ்வளவுதான்.

சித்தப்பா: தசையைவிடப் பேர் நீளம். சரி, பார்த்ததைப் பார்த்தபடி எழுதியிருக்கிறார்கள், அந்த மட்டில் நேர்மைதான்.

கயல்: அங்கேதான் இடிக்கிறது. 1758இல் லின்னேயஸ் என்ற இயற்கையியலாளர் ஒரு சொர்க்கப் பறவைக்கு 'அபோடா' என்று பேர் வைத்தார். அப்படியென்றால் காலில்லாதது.

சித்தப்பா: பாவம்.

கயல்: பாவமெல்லாம் இல்லை, அதற்கு இரண்டு காலும் திடமாக இருக்கின்றன. நியூகினிப் பக்கத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போன தோல்களில் காலை வெட்டி எடுத்திருந்தார்கள்.

சித்தப்பா: பிறகாவது திருத்தினார்களா?

கயல்: முறைப்படி முதலில் வைத்த பேருக்குத்தான் முன்னுரிமை. பொருந்தவில்லை என்பதற்காக மாற்றக் கூடாது.

சித்தப்பா: ஆக, கால் இருந்தும் காகிதத்தில் இல்லை. இது எனக்குப் பழக்கமான நிர்வாகம்தான். அப்புறம், மருந்துக்குப் பக்கத்தில் 'பி.டி.' என்று இருக்கிறதே, அது எந்தப் பறவை?

கயல்: பிஸ் இன் டியே. தினமும் இரண்டு வேளை பூச வேண்டும்.

சித்தப்பா: அடடா! அவர் வாங்கிய பட்டமாக்கும் என்று நினைத்து, மரியாதையாக அப்படியே மடித்து வைத்துவிட்டேனே!