உயரமாக் கட்டுங்க, ஆனா தெருவைப் பார்த்துக் கட்டுங்க

கோயமுத்தூரின் புது அடுக்குமாடிகளை ட்ரோனில் எடுத்து யாராவது வீடியோ போட்டால் போதும், கீழே உடனே இரண்டு கட்சி ஆகிவிடுகிறது. நம்ம ஊரும் வளர்ந்துவிட்டது என்று ஒரு கட்சி, பழைய கோவை போச்சு, மலையே தெரியவில்லை என்று இன்னொரு கட்சி. நான் இரண்டு பக்கமும் சேரவில்லை. இருபதாவது மாடியைப் பற்றி எனக்குப் பெரிய கவலை கிடையாதுங்க. என் கவலையெல்லாம் கீழே முதல் பத்து அடியில் என்ன நடக்கிறது என்பதுதான், அது நடந்து போகிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

உயரமே வேண்டாம் என்று சொல்பவர்கள் சரவணம்பட்டி தாண்டி, சூலூர் தாண்டி ஒருமுறை போய்ப் பாருங்கள். சோளக்காடும் தென்னந்தோப்பும் சைட் போட்டுச் சைட் போட்டு எங்கே போய் நின்றிருக்கிறது! ஊர் அகலத்தில் பரவினால் காடு போகும், குழாயும் சாக்கடையும் பஸ்ஸும் அவ்வளவு தூரம் போகணும். அதற்கு ஊருக்குள்ளேயே மேலே போவது எவ்வளவோ மேல். 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்த காலத்திலிருந்தே புகைபோக்கிகளை அண்ணாந்து பார்த்துப் பழகிய ஊர்தானே இது.

சரி, பிரச்சனை எங்கே வருகிறது? விதியிலிருந்து ஆரம்பிக்கணும். 2019-ல் வந்த தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேலே போனால் அது உயரக் கட்டடம். சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ (மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 2, அதாவது ஒரு ஏக்கரில் ஏறத்தாழ 87,000 சதுர அடி கட்டலாம். 18 மீட்டர் ரோட்டில் உயரக் கட்டடம் என்றால் 3.25, அதே ஏக்கரில் 1,41,000 சதுர அடிக்கு மேல். பணம் கட்டினால் அதற்கு மேலும் உண்டு. சென்ட் இவ்வளவு விலை விற்கிற ஊரில் யார் விடுவார்கள்? ஆனால் உயரக் கட்டடத்துக்குச் சுற்றிலும் குறைந்தது 7 மீட்டர் காலி இடம் விடணும், 30 மீட்டர் தாண்டினால் ஒவ்வொரு 6 மீட்டருக்கும் இன்னொரு மீட்டர் கூட. 60 மீட்டர் கட்டடம் என்றால் நாலு பக்கமும் 12 மீட்டர், கிட்டத்தட்ட 40 அடி. தீயணைப்பு வண்டி சுற்றி வர வேண்டும், அதனால் அது தேவையான விதிதான். ஆனால் இடம் விடச் சொன்ன விதி, அந்த இடத்தை எட்டடிச் சுவர் எழுப்பி ஊரிடமிருந்து மறைக்கச் சொல்லவில்லையே.

ஒப்பணக்கார வீதியிலும் பெரிய கடை வீதியிலும் கட்டடங்கள் ஒன்றோடொன்று ஒட்டித்தான் நிற்கும். பத்துப் பதினைந்து அடிக்கு ஒரு வாசல், ஒவ்வொரு வாசலிலும் ஒரு வெளிச்சம், ஒரு ஆள். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் அங்கே எவ்வளவு நெரிசல் இருந்தாலும் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பெண் தனியாக நடந்து வர யோசிப்பதில்லை. கடைக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான் காரணம்.

இப்போது டாடாபாத் பக்கம் நான் தினமும் போகிற ஒரு தெருவைச் சொல்கிறேன். திண்ணை வைத்த பழைய ஓட்டு வீடுகள் வரிசையாக இருந்த இடம். முன்னால் ஒரு வேப்ப மரம், அதன் கீழே இஸ்திரி வண்டி, முக்கில் ஒரு பேக்கரி. கோயமுத்தூர்க்காரனுக்கு பேக்கரி என்றால் என்னவென்று சொல்லவே வேண்டாம், காலையில் டீ கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு பாதி ஊர் விவகாரம் அங்கேதான் ஓடும். நான்கைந்து வீடுகளை ஒன்றாக வாங்கி இடித்துக் கட்டினார்கள். கட்டடம் நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் தெருவுக்கு என்ன மிச்சம் என்றால், சாம்பல் கலர் சுவர், ஒரு பெரிய கேட், கார் இறங்குகிற சரிவு. சரிவு வரும் இடத்தில் நடைபாதை முறிந்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கி நிற்கிறது, வயசானவர்கள் ரோட்டில் இறங்கித்தான் சுற்றிப் போகிறார்கள். மரம் இல்லை, வண்டி இல்லை, பேக்கரி இல்லை. மேலே முன்பைவிடப் பல மடங்கு குடும்பங்கள் இருக்கின்றன, கீழே ஏழு மணிக்கே ஆள் நடமாட்டம் இல்லை.

இதற்கு நம் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்றின் வேகம் நமக்குத் தெரிந்ததுதான். உயரமான சுவரில் மோதுகிற காற்று கீழே இறங்கி மூலையில் சுழலும். அந்த மூலையில் மரமோ, முன்னால் தள்ளிய தாழ்வாரமோ இருந்தால் நடப்பவருக்குத் தாங்கும். கண்ணாடிச் சுவர் மட்டும் நின்றால் புழுதி மூஞ்சியில்தான் அடிக்கும்.

அப்புறம் வண்டிகள். அவிநாசி ரோட்டில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தார்கள், உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை வேகமாகப் போகிறோம், நல்லது. அடுத்த மாதமே மெட்ரோ திட்டத்தை மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது, 20 லட்சம் ஜனத்தொகை இல்லையாம். ஆக மெட்ரோ இல்லாமல் மாடிகள் மட்டும் ஏறிக்கொண்டிருக்கின்றன, அத்தனை வீட்டுக் கார்களும் அதே ரோட்டில்தான் இறங்கும். நடந்து போய்க் காய்கறி வாங்குகிற மாதிரி கீழ்த்தளம் இருந்தாலே அதில் ஒரு பங்கு குறையும்.

அதனால்தான் சொல்கிறேன், அனுமதி கொடுக்கும்போதே கேளுங்கள். கீழ்த்தளத்தில் ரோட்டைப் பார்த்த கடைகள் வேணும். சுவருக்குப் பதில் உள்ளே தெரிகிற கம்பி வேலி போதும். கார்தான் நடைபாதை மட்டத்துக்கு ஏறி இறங்கணும், நடைபாதை காருக்காக முறியக் கூடாது. இருக்கிற மரத்தை வைத்துக்கொண்டு வரைபடம் போடத் தெரிந்த இன்ஜினியர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முக்கியமாக ரிசர்வ் சைட், அதாவது பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்குகிற இடம். 10,000 சதுர மீட்டருக்கு மேலான இடம் என்றால் ரோட்டுக்கு விட்டது போக 10 சதவீதத்தைப் பொதுமக்களுக்குத் தானமாக எழுதிக் கொடுத்தே ஆகணும். அதைப் பின்பக்க மூலையில், யாருக்கும் வழி தெரியாத இடத்தில் ஒதுக்கிவிட்டால் நாலு வருஷத்தில் புதர் மண்டிவிடும், அப்புறம் யாராவது வேலி போட்டுக்கொள்வார்கள். ஒண்டிப்புதூர், சிங்காநல்லூர் பக்கம் பூட்டிக் கிடக்கிற மில் வளாகங்கள் என்றைக்காவது கைமாறும்போது அந்த 10 சதவீதம் மெயின் ரோட்டு முகப்பிலேயே, பஸ் ஸ்டாப்பை ஒட்டி வரணும் என்று இப்போதே நம் கவுன்சிலர்களிடம் மனுவாகக் கொடுப்போம். வார்டுவாரியாகச் சேர்ந்து கொடுக்க விருப்பம் உள்ளவர்கள் கீழே உங்கள் ஏரியா பெயரைப் போடுங்க.