ஆரஞ்சு நிறம் மரத்தின் நோயன்று

ஐரோப்பாவில் மரப்பட்டைகளின் மேல் ஆரஞ்சும் மஞ்சளுமாகப் படரும் சாந்தோரியா பாரியெட்டினா என்ற லைக்கன், மரச்சாற்றை உறிஞ்சி வாழ்வதாக, அதைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் ஒரு வரி வருகிறது. அது பிழை. பூஞ்சையும் பச்சைப்பாசியும் சேர்ந்து ஓருடலாக வாழும் இந்த உயிருக்கு வேரே கிடையாது. பாசி ஒளிச்சேர்க்கையால் உணவு தயாரிக்க, நீரையும் தாதுக்களையும் அது மழையிலிருந்தும் காற்றுத் தூசியிலிருந்தும் பெற்றுக்கொள்கிறது, மரம் வெறும் இருக்கைதான். (இந்தக் கூட்டுவாழ்வை சுவிஸ் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர் 1867-இல் சொன்னபோது, அன்றைய லைக்கன் அறிஞர்கள் பலர் சினந்தார்கள்.)

நிறத்தைப் பற்றிக் கட்டுரையாளர் இன்னும் சற்று எழுதியிருக்கலாம். பாரியெட்டின் என்னும் நிறமி, கடும் வெயிலின் நீல ஒளியையும் புற ஊதாக் கதிரையும் தடுத்துப் பாசியைக் காக்கிறது. ஆகவே வெயில்படும் கிளையில் செம்மஞ்சளாக ஒளிரும் அதே இனம், நிழலில் சாம்பல் கலந்த பச்சையாக மங்கிக் கிடக்கும். கால்நடைப் பண்ணைகளின் அமோனியா படியும் மரங்களில் இது செழிப்பதால், பளிச்சென்ற நிறத்தைத் தூய காற்றின் அடையாளமாகக் கொள்வதும் சரியன்று.

பெங்களூருவில் எங்கள் குடியிருப்பு மரங்களின் சாம்பல் நிற லைக்கன் திட்டுகளையும் நோயென்று கருதி, குடியிருப்போர் சிலர் சுரண்டச் சொல்கிறார்கள். அவர்கள் வீட்டுக் குருமாவில் மணக்கும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான்.