43 புள்ளி எடுத்தவரும் 15ஆம் இடத்தில் போனவரும்

மார்ச் மாதம் வந்துவிட்டால் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் துண்டுக் காணொளிகள் எனக்கு வரிசையாக வந்து விழும். அனுப்புகிறவர்கள் நண்பர்கள். அங்குள்ள தொழில்முறை லீக்கான என்பிஏவை வைத்து எல்லோரும் கேட்பது ஒன்றையேதான்: "இவன் என்பிஏவில் தேறுவானா?" அந்த இரண்டு நிமிடத்தில் பையன் எறிந்த பந்தெல்லாம் வளையத்துக்குள் விழுகிறது. தவறிய எறிதல் ஒன்றுகூட இல்லை. அவனைத் தாண்டிப் போய் எதிரணிக்காரன் எடுத்த புள்ளியும் இல்லை. பிறந்த நேரத்தைச் சொல்லாமல் ஜாதகம் கணிக்கச் சொன்னால் எப்படி?

என் கருத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். கல்லூரி ஆட்டக்காரர் ஒருவரின் எதிர்காலத்தைக் கணிக்க வேண்டுமானால், அவர் கையில் பந்து இல்லாத நேரத்தைப் பாருங்கள். கல்லூரி அணியில் யார் கெட்டிக்காரனோ அவனிடம் பந்து போகும். என்பிஏவில் பெஞ்சின் கடைசியில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவரும் தம் கல்லூரியில் அப்படிப் பந்தை வைத்திருந்தவர்தான். அங்கே ஓர் அணியின் தாக்குதல் இரண்டு பேரைச் சுற்றித்தான் ஓடும். மற்றவர்களுக்குப் பந்தில்லாமல் பிழைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி 2011 ஜனவரி 26 அன்று யூட்டா மாநிலத்தின் ப்ரோவோ நகரில் நடந்த ஆட்டம். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்கும் சான் டியாகோ ஸ்டேட்டுக்கும் மோதல். சான் டியாகோ அதுவரை ஆடிய இருபது ஆட்டங்களிலும் தோற்காமல் வந்திருந்தது. அன்று 71க்கு 58 என்று தோற்றது. அந்த 71இல் 43 புள்ளிகள் ஜிம்மர் ஃப்ரெடெட் என்ற ஒரே ஆளுடையவை. மூன்று புள்ளிக் கோட்டுக்குச் சில அடி பின்னாலிருந்தே பந்தைத் தூக்கி எறிகிறார். காவலுக்கு நிற்பவர் கையை உயர்த்துவதற்குள் பந்து போய்விடுகிறது. நெருங்கி வந்து மறித்தால் பக்கவாட்டில் நழுவி உள்ளே போய்விடுகிறார். அரங்கம் கூத்தாடுகிறது. அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 28.9 புள்ளி எடுத்து நாட்டிலேயே முதலிடத்தில் நின்றார் அவர்.

தோற்ற அணியில் கவாய் லெனார்ட் என்ற 19 வயதுப் பையன் ஆடினார். பருவச் சராசரி 15.5 புள்ளி, 10.6 ரீபவுண்ட் (உள்ளே விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). தொலைவிலிருந்து எறிந்தால் மூன்றில் இரண்டுக்கு மேல் வெளியே போகும். ஐந்து மாதம் கழித்து, என்பிஏ அணிகள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் ஃப்ரெடெட்டை 10ஆவதாக எடுத்தார்கள், லெனார்டை 15ஆவதாக. 2014இலும் 2019இலும் என்பிஏ இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கியவர் அந்த 15ஆம் ஆள்.

"ஃப்ரெடெட் கல்லூரியில் சின்னப் பையன்களை ஏமாற்றிக்கொண்டிருந்தார்" என்று இப்போது எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் எறியும் கை நிஜமானது. என்பிஏவிலும் மூன்று புள்ளி எறிதல்களில் நூற்றுக்கு 37 அளவில் உள்ளே போட்டார். அது நல்ல கணக்கு. பின்னால் சீனாவின் ஷாங்காய் அணிக்குப் போனார். பந்தை அவர் கையில் கொடுத்து "நீயே பார்த்துக்கொள்" என்றார்கள். 2017இல் ஒரே ஆட்டத்தில் 73 புள்ளி எடுத்தார்! திறமை எங்கும் ஓடிப்போகவில்லை. பந்தை முழுதாக அவரிடம் ஒப்படைக்க என்பிஏவில் எந்த அணியும் தயாராக இல்லை, அவ்வளவுதான்.

சரி, பந்து இல்லாதபோது என்ன செய்தார்? பிரிகாம் யங்கின் ஆட்டங்களை முழுதாகப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தடுப்பாட்டத்தில் எதிரணியின் நோஞ்சான் தாக்குதல்காரரிடம் அவரை நிறுத்தி, ஃபவுல் வாங்கி வெளியேறாமல் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். கல்லூரிக்கு அது புத்திசாலித்தனம். என்பிஏவில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. எந்த ஆள் இளைத்தவனோ அவனைத் தேடிப் பிடித்து, ஸ்கிரீன் போட்டு (காவலரின் வழியில் ஓர் ஆளைக் குறுக்கே நிறுத்தி) இழுத்து வந்து, பந்து வைத்திருப்பவர் முன்னால் நிறுத்துவார்கள். ஒவ்வொரு முறையும்.

உயரம் போதவில்லை என்ற சாக்கும் எடுபடாது. ஃப்ரெடெட் போய்ச் சேர்ந்த சாக்ரமெண்டோ என்பிஏ அணியில் அவருக்காகக் காத்திருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டவர் ஐசாயா தாமஸ். அதே டிராஃப்டில் 60ஆவதாக, கடைசி ஆளாக எடுக்கப்பட்டவர், ஐந்தடி ஒன்பது அங்குலம். ஃப்ரெடெட் அவரைவிட ஐந்து அங்குலம் உயரம்.

இந்த இடத்தில் யாராவது என்பிஏ நட்சத்திரம் ஸ்டெஃபன் கர்ரியைக் கொண்டுவருவார்கள். "அவரும் சின்ன உடம்பு, சின்னக் கல்லூரி, பந்தைக் கையில் வைத்துத் தூரத்திலிருந்து எறிந்தவர்தானே? அவர் எப்படித் தேறினார்?" கேள்வி நியாயமானது. டேவிட்சன் கல்லூரியில் கடைசிப் பருவத்தில் அவர் எடுத்தது 28.6 புள்ளி. தாளில் வைத்துப் பார்த்தால் ஃப்ரெடெட்டின் மறுபதிப்பு.

ஆனால் அதற்கு முந்தைய பருவத்தைப் பாருங்கள். 2008 மார்ச்சில், தேசியப் பட்டத்துக்கான போட்டியில், டேவிட்சன் கொன்சாகா, ஜார்ஜ்டவுன், விஸ்கான்சின் என்று பெரிய தலைகளைச் சாய்த்து, கான்சஸிடம் வெறும் இரண்டு புள்ளியில் தோற்றது. அந்த அணியில் பந்தைக் கொண்டுவந்தவர் ஜேசன் ரிச்சர்ட்ஸ்; அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக அசிஸ்ட் (அடுத்தவர் புள்ளி எடுக்க வழிசெய்யும் பாஸ்) அவருடையது. கர்ரி பந்தில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தார். ஒரு ஸ்கிரீனைச் சுற்றி, இன்னொன்றைச் சுற்றி, மூலையில் வெளிப்பட்டு, பந்து வந்த கணத்தில் எறிந்துவிடுவார். பின்னால் கோல்டன் ஸ்டேட் என்பிஏ அணியில் உலகம் பார்த்து வியந்தது இந்த ஓட்டத்தைத்தான்.

அதைவிட முக்கியமான ஆட்டம் ஒன்று உண்டு. 2008 நவம்பரில் மேரிலாந்தின் லயோலா அணி கர்ரிக்கு இரண்டு காவலர்களை ஒட்டவைத்து, பந்து எங்கே இருந்தாலும் அவரை விட்டு நகரக் கூடாது என்று ஆடியது. கர்ரி என்ன செய்தார் தெரியுமா? போய் மூலையில் நின்றுகொண்டார். இரண்டு பேரும் கூடவே போய் நின்றார்கள். மீதி மைதானத்தில் நான்கு பேருக்கு மூன்று பேர். கர்ரி மூன்று முறைதான் எறிந்தார், எடுத்தது பூஜ்யம். டேவிட்சன் 78க்கு 48 என்று வென்றது. நாட்டிலேயே அதிகப் புள்ளி எடுக்கப்போகிற பையன், முறைத்துக்கொள்ளாமல், வலிந்து எறியாமல், ஒரு முழு ஆட்டத்தை அப்படி விட்டுக்கொடுக்கிறான். என்னைக் கேட்டால் கான்சஸுக்கு எதிராக எடுத்த 25 புள்ளியைவிட இந்தப் பூஜ்யத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

லெனார்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் "எறியத் தெரியாத பையன் எறியக் கற்றுக்கொள்வான் என்று எப்படி நம்புவது?" என்பார்கள். நான் பார்ப்பது ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணியின் ஃபவுலுக்குக் கிடைக்கும் எறிதல். யாரும் மறிக்காத இடம், மாறாத 15 அடித் தூரம். கையின் லட்சணம் அங்கே தெரிந்துவிடும். கடைசிப் பருவத்தில் லெனார்ட் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் போட்டார். அது கெட்ட கை இல்லை. அவர் சேர்ந்த என்பிஏ அணியான சான் அன்டோனியோவின் எறிதல் பயிற்சியாளர் சிப் எங்கெலண்ட் அவருடைய எறியும் முறையைத் திருத்தினார். முதல் என்பிஏ பருவத்திலேயே, கல்லூரியைவிடத் தொலைவான கோட்டிலிருந்து, 37 விழுக்காட்டைத் தாண்டிவிட்டார். வயதும் சேர்ந்தது. டிராஃப்ட் நடந்தபோது ஃப்ரெடெட்டுக்கு 22, இவருக்கு 19. முழுதாக வளர்ந்துவிட்ட ஆளின் 43 புள்ளியையும் வளர்கிற பையனின் 15 புள்ளியையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

உடலளவைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. கைநீளம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் 2009இல் ஏழடி மூன்று அங்குல ஹஷீம் தபீத் இரண்டாம் இடத்தில் போனார், கர்ரி ஏழாம் இடத்தில். 2007இல், பின்னால் பெரிய நட்சத்திரமான கெவின் டுரான்ட் 185 பவுண்டு எடையை ஒரு முறைகூடத் தூக்க முடியாமல் திணறியதை வைத்துக் கேலி பேசியவர்கள் இன்றும் எங்கோ நிபுணர்களாக இருப்பார்கள்.

ஜேலன் பிரன்சன் கதைதான் எனக்கு இன்னும் எரிச்சலூட்டுகிறது. வில்லனோவா கல்லூரி அணிக்காக 2016, 2018 என்று இரண்டு தேசியப் பட்டங்கள். 2018இல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர். அதே ஆண்டு டிராஃப்டில் அவருக்கு முன்னால் 32 பேரை எடுத்தார்கள். அதில் மூன்று பேர் அவருடைய அணித்தோழர்களே! உயரம் குறைவு, பெரிய தாவல் இல்லை, வயது கூடுதல் என்றார்கள். முதல் பட்டம் வென்ற ஆண்டில் ரயன் ஆர்ச்சிடியாகோனோ பந்தை வைத்திருக்க, பிரன்சன் பக்கத்தில் நின்று ஆடியதை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. டல்லாஸ் என்பிஏ அணியில் அதன் நட்சத்திரம் லூகா டோன்சிச்சுடனும் அதையேதான் செய்தார், முகம் சுளிக்காமல். 2022இல் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றில் டோன்சிச் காயத்தால் உட்கார, யூட்டாவுக்கு எதிரான இரண்டாம் ஆட்டத்தில் பிரன்சன் 41 புள்ளி எடுத்தார்.

அந்தக் கோடையில் அவர் நியூயார்க் நிக்ஸுக்குப் போய்விட்டார். முப்பத்திரண்டு முறை கைநழுவவிட்டவர்களையாவது மன்னிக்கலாம். அவர்கள் பையனைக் கல்லூரியில் மட்டும்தான் பார்த்தார்கள். நான்கு ஆண்டு பக்கத்தில் வைத்துப் பார்த்த டல்லாஸ் நிர்வாகத்துக்கு என்ன சாக்கு?