கோலம் போடவா சம்பளம் என்று கேட்டவர்களுக்கு

அந்த ஸ்கிரீன்ஷாட்டை நான் மறுபடி பகிரப் போவதில்லை. இரண்டு நாளாக எல்லோரும் பார்த்ததுதான். புள்ளியியல் துறை ஆசிரியர் ஒருவர் தன் பக்கத்தில் ஆய்வு ஆர்வங்களாகக் கூறெடுத்தல் (sampling), கோலம், பழங்காசு என்று மூன்றைப் போட்டிருந்தார். கீழே வரிசையாகச் சிரிப்பு. "கோலம் போடவா சம்பளம்?"

தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் இருவரோடும் சேர்ந்து கோலத்துக்குக் கணித இலக்கணம் எழுதிய கட்டுரை 1974-ல் வந்தது. அச்சிட்ட தமிழ் எழுத்தைக் கணினி அடையாளம் காண்பது பற்றிய 1978 ஆய்விலும் அவர் பெயர் இருக்கிறது. மாமல்லபுரச் சிற்பங்களின் ஆடை அணிகலன் பற்றியும் எழுதினார். ஒரே ஆள்தான். புள்ளியியல் கெட்டுப்போகவில்லை.

"மாணவனுக்கு என்ன லாபம்?" என்பவர்கள் ஒரு காகிதம் எடுங்கள். நேர்ப்புள்ளியாக 3 வரிசை, வரிசைக்கு 5 புள்ளி. சிக்குக் கோலத்தில் செய்வதுபோல் புள்ளிகளுக்கு நடுவே சாய்வாகப் போய், ஓரம் வந்ததும் வளைந்து திரும்புங்கள். கையெடுக்காமல் ஒரே இழையில் முடியும். 4 வரிசை, 6 புள்ளி வையுங்கள், இரண்டு இழை வேண்டும். 4-க்கு 4 என்றால் நான்கு. அந்த இரு எண்களின் மீப்பெரு பொது வகுத்திதான் இழையின் எண்ணிக்கை. ஒரு வரிசைப் புள்ளி அடுத்த வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவே வரும் ஊடுபுள்ளிக்கு இந்தக் கணக்கை அப்படியே போடக்கூடாது. நடுவில் ஒரே ஒரு இடத்தில் கோட்டைக் கோடு வெட்டிக்கொண்டு போகாமல் திரும்பிவிட்டாலும் எண்ணிக்கை மாறலாம். ஏன் மாறியது என்று மாணவன் கேட்கிறானே, அந்த இடத்தில்தான் பாடம் தொடங்குகிறது.

பழங்காசுக்கும் பதில் இருக்கிறது. டி.டி. கோசாம்பி கணிதப் பேராசிரியர். தட்சசீலத்தில் கிடைத்த முத்திரைக் காசுகளை (சின்னங்கள் குத்திய பழைய வெள்ளிக் காசுகள்)த் தராசில் வைத்து எடை பார்த்தார். கை மாற மாற வெள்ளி தேய்கிறது. புழங்கிய காலம் கூடக்கூடச் சராசரி எடை குறையும், காசுக்குக் காசு எடை வேறுபாடு கூடும். அதை வைத்து எது முந்தி, எது பிந்தி என்று வரிசைப்படுத்தலாம். மரபியலில் இன்றும் அவர் பெயரில் ஒரு சூத்திரம் இருக்கிறது. சமஸ்கிருதக் கவிஞர் பர்த்ருஹரியின் சதகங்களைச் சுவடிகளோடு ஒப்பிட்டு 1948-ல் பதிப்பித்தவரும் அவரே.

"இதையெல்லாம் செய்தால் வகுப்பு என்னாவது?" பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு, பேராசிரியருக்கு 14. அதில் ஒரு மணி குறைந்தால் கேளுங்கள், நியாயம். குறையவில்லை என்றால் மிச்ச நேரத்தில் அவர் எதைப் படிக்கிறார் என்பதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?

"வேறு துறையில் அரைகுறையாக எழுதிவிடுவார்கள்" என்பதில் உண்மை உண்டு. அமிலத்தில் கழுவிய காசு முன்பே எடை இழந்திருக்கும். தராசு மட்டும் தெரிந்தவருக்கு அது தெரியாது, கணக்கு மொத்தமும் தப்பாகப் போகும். அதனால்தான் காசு அறிந்தவரோடு உட்கார்ந்து செய்ய வேண்டும் என்கிறோம். ஆனால் உட்கார்ந்து செய்த கட்டுரையைப் பணி உயர்வுக் கோப்பில் "துறை சாராதது" என்று தள்ளிவைத்தால் எவர் உட்காருவார்?

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அவர் "முடிச்சுக் கோட்பாடு" என்று எழுதியிருந்தால் ஒருவரும் சிரித்திருக்க மாட்டீர்கள். இழை எப்படிச் சுற்றி வந்து தன்னோடு சேர்கிறது என்பதுதான் அங்கேயும் கேள்வி. கோலம் என்றதும் சிரிப்பு வந்ததற்குக் காரணம், அது பெண்கள் விடியற்காலையில் வாசலில் குனிந்து போடுவது. 15 புள்ளியை மனதிலேயே வைத்து, அழிக்காமல் கொண்டு முடிக்கிற அந்தக் கைக்குத் தெரிந்தது அறிவாக உங்களுக்குத் தோன்றவில்லை. எனக்கு வலிப்பது அதுதான். அந்த ஆசிரியருக்காக மட்டும் இதை எழுதவில்லை.

நேற்று இரவு அவர் பக்கத்தைப் பார்த்தேன். கூறெடுத்தல் மட்டும் இருக்கிறது. மற்ற இரண்டையும் எடுத்துவிட்டார்.

சார், நீங்கள் இதைப் படித்தால், அந்த இரண்டு சொல்லையும் திரும்பப் போடுங்கள். கோலத்தை முதலில் போடுங்கள்.