இவரு பையன் எந்த யூனிட்டு?

2025 மே மாசம், இந்தியா-பாகிஸ்தான் சண்டை நடந்தப்போ. வேலூர் மாவட்டம் கணியம்பாடி பக்கம் சித்தப்பா வீட்டுல ராத்திரி டிவி ஓடுது. கராச்சி துறைமுகமே காலின்னு ஒரு சேனல் கத்துது. (விடிஞ்சு பார்த்தா துறைமுகம் இருந்த இடத்துலயேதான் இருந்தது.) கோட்டு போட்ட ஒருத்தர், "இத்தோட விடக்கூடாது, உள்ள புகுந்துடணும்"னு மேசையைத் தட்டறார். பட்டாளத்துல பதினேழு வருஷம் சர்வீஸ் போட்ட சித்தப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "இவரு பையன் எந்த யூனிட்டு?"

வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துல இருக்கிறதால ராணுவப்பேட்டைன்னே பேர் வாங்கின கம்மவான்பேட்டை இருக்கிற பக்கம் இது. இங்க அந்தக் கேள்வி சாதாரணமா வரும்.

அமெரிக்காவுல இதுக்குக் கணக்கே இருக்கு. வியட்நாம் போருக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு இருந்தது. அதுல இருந்து ஐந்து தடவை விலக்கு வாங்கினவர் டிக் செனி. "அறுபதுகள்ல எனக்கு வேற முன்னுரிமைகள் இருந்தது"ன்னு பின்னாடி சொன்னார். அவர் துணை ஜனாதிபதியா இருந்தப்பதான் 2003ல ஈராக் மேல படை போச்சு. அந்தப் போருக்கு ரேடியோவுல தொண்டை கிழிய ஆதரவு கொடுத்த ரஷ் லிம்பாவும் இளவயசுல மருத்துவக் காரணம் காட்டித் தப்பிச்சவர்தான். டிரம்ப்புக்குப் படிப்புக்காக நாலு விலக்கு, குதிகால் எலும்புக்காக ஒண்ணு.

சட்டம் கொடுத்த விலக்கை வாங்கினது தப்பில்ல. போரே வேணாம்னு சொல்லிட்டு விலக்கு வாங்கினவன்கிட்ட கேட்க எனக்கு ஒண்ணுமில்ல. பட்டாளத்துல இருந்தவன்தான் போரைப் பத்திப் பேசணும்னும் நான் சொல்லல, அப்படின்னா நானே வாயை மூடிக்கணும். அடுத்த வீட்டுப் பிள்ளையை அனுப்பச் சொல்றவர்கிட்ட மட்டும்தான் கேள்வி.

நம்ம நாட்டுல கட்டாயம் கிடையாது, எல்லாரும் விரும்பித்தானே போறாங்கன்னு சொல்வாங்க. அங்க அப்ப காலேஜ்ல இருந்தா விலக்கு. இங்க? பிளஸ் டூ பாஸ் பண்ணின சித்தப்பாவுக்குக் காலேஜுக்குக் கட்டப் பணமில்ல. ஏரிக்கரையில ஓடிப் பழகினார், செலக்‌ஷன்ல நின்னார், ட்ரங்க் பெட்டியோட காட்பாடியில ரயிலேறினார். பணம் இருந்த பங்காளி வீட்டுப் பையன் இன்ஜினியர் ஆனான். விலக்குன்னு பேர்தான் இல்ல. இப்ப அக்னிவீர்னு போனா நாலு வருஷம், அதுல நூத்துக்கு இருபத்தஞ்சு பேர் வரைக்கும்தான் தொடர முடியும். மத்தவங்க திரும்பி வந்து மறுபடியும் வேலை தேடணும். மேசையைத் தட்டறவர் இதைப் பத்தி ஒரு நாள் பேசி நான் பார்த்ததில்ல.

அன்னிக்கு ராத்திரி சித்தி டிவி பக்கமே வரல. ஜம்முவுல இருக்கிற தம்பி, அதான் அவங்க பையன், போன் ரெண்டு நாளா ஸ்விட்ச் ஆஃப். சார்ஜ்ல போட்டிருந்த போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கிட்டிருந்தாங்க.