அந்த முப்பது வருஷத்தை விட்டுவிட்டீர்களே

நடிகர் லெஸ்லி நீல்சன் பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருக்கிறது. ஆனால் 1980-இல் வந்த 'ஏர்பிளேன்' என்ற நகைச்சுவைப் படத்திலிருந்துதான் தொடங்குகிறீர்கள். அதற்கு முந்தைய முப்பது வருஷம் ஒரே வரியில் போய்விட்டது. எனக்கு அதுதான் வருத்தம்.

கனடாக்காரர், நியூயார்க்கில் நடிப்புப் படித்தவர். தொலைக்காட்சி நாடகங்கள் நேரலையாகப் போன காலத்தில் உள்ளே வந்தவர். வசனம் தடுமாறினால் திரும்ப எடுக்க வழியே கிடையாது. 1950-இல் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளில் நடித்தார். அப்புறம் போலீஸ் அதிகாரி, டாக்டர், வில்லன் என்று எத்தனையோ தொடர்களில் வந்துபோனார். 1972-இல் 'பொசைடன் அட்வெஞ்சர்' படத்தில் கப்பல் கேப்டன். பேரலை எழுந்து வருவதைப் பார்க்கும் அந்த முகத்தைப் பாருங்கள், துளி விளையாட்டு இருக்காது.

'ஏர்பிளேன்' படத்துக்கு அந்த முகம்தான் தேவைப்பட்டது. ராபர்ட் ஸ்டாக், பீட்டர் கிரேவ்ஸ், லாயிட் பிரிட்ஜஸ் என்று அதில் இருந்த மற்றவர்களும் சீரியஸ் நடிகர்கள்தானே! விமானம் தரையிறங்கிய பிறகும் நீல்சன் விமானி அறையின் கதவைத் திறந்து, எல்லாரும் உங்களைத்தான் நம்பியிருக்கிறோம் என்பார். குரலில் ஒரு மாற்றமும் இருக்காது. பழைய நாடகங்களில் பேசிய அதே கம்பீரம். எனக்கு இன்றும் கண்ணில் நீர் வரச் சிரிப்பு வரும்.

'கொலம்போ' என்ற துப்பறியும் தொடரில் 1971-இல் அவர் வந்த எபிசோடைத் தேடிப் பாருங்கள். கொலை செய்தவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவராக வருவார். அவள் மேல் சந்தேகம் மெதுவாக வளர்வதை அலட்டிக்கொள்ளாமல் காட்டியிருப்பார்.